இருக்கை யாருடையது?

“மாமா, வாசலில் கார் நிற்கிறது. அதை விட்டுவிட்டு மூன்று மணி நேரம் பேருந்தில் இடிபட்டுப் போகிறீர்கள். இரண்டு மணி நேரம் காட்டில் நடக்கிறீர்கள். பிறகு மறுபடியும் மூன்று மணி நேரம் இடிபட்டுக்கொண்டு திரும்புகிறீர்கள். இதில் என்ன புண்ணியம்?”

என் சகோதரியின் மகன் ஒருநாள் இப்படிக் கேட்டான்.

நான் சிகந்திராபாத்தில் வசிப்பவன். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளிலும் காட்டுப் பாதைகளிலும் நடந்து வருவது என் வழக்கம். என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற இரு நண்பர்கள் துணை. எங்களுக்குள் ஒரு நியமம் உண்டு. அரசுப் பேருந்து எங்கே இறக்கிவிடுகிறதோ அங்கிருந்துதான் நடை தொடங்க வேண்டும். மாலையில் பேருந்து நிற்கும் இடத்தில்தான் அது முடிய வேண்டும். கையில் ஒரு குடை, தண்ணீர், ஒரு பொட்டலம் புளியோதரை. வேறு எதுவும் கிடையாது.

“கொஞ்சமாவது எளிமையாக வாழப் பழக வேண்டாமா?” என்று மருமகனுக்குப் பதில் சொன்னேன். அவன் சிரித்தானே தவிர, மேலே வாதிடவில்லை. அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்தது என்பதை நான் உணர்வதற்கு நெடுநாள் ஆயிற்று.

கேள்வி சிறியதுதான். ஆனால் அதனுள் மற்றொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அமைதியைத் தேடிப் புறப்படுகிறவன் எந்த வழியாகச் செல்கிறான் என்பது, அவன் அடையும் அமைதியின் தன்மையை மாற்றுமா? போய்ச் சேர்ந்தால் போதும், வழியை ஏன் ஆராய வேண்டும் என்பார் உண்டு. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர் அப்படிச் சொல்லமாட்டார். அவர் நடந்த இடத்துக்கே திரும்பி வருகிறார், அவருக்கு வழியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஆனால் கிரிவலத்திற்கு வந்து சேர்ந்த வழியைப் பற்றி அவரும் அதிகம் யோசித்திருக்கமாட்டார். நானும் யோசித்ததில்லை.

ஆற்றுக்கு எதிர்த்திசையில்

எங்களுக்கு மிகவும் பிடித்த நடை அனந்தகிரி. ஹைதராபாத்திலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். விகாராபாத் ஊரைத் தாண்டியதும் சாலை குன்றுகளில் ஏறத் தொடங்கும். தேக்கும் புரசும் சீத்தாமரமும் அடர்ந்த இலையுதிர் காடு. குன்றின்மீது அனந்த பத்மநாப சுவாமி கோயில். இந்தக் குன்றுகளில்தான் மூசி ஆறு பிறக்கிறது.

பேருந்து புறப்படும் இடமோ ஹைதராபாத்தின் மகாத்மா காந்தி பேருந்து நிலையம். 1994-இல் திறக்கப்பட்ட அந்நிலையம், அதே மூசி ஆற்றின் நடுவே தீவு போன்ற ஒரு திட்டில் அமைந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் எங்கள் பேருந்து ஆற்றின் மடியிலிருந்து புறப்பட்டு, மெகிதிப்பட்டணம், மொயினாபாத், சேவெள்ளா எனத் தாண்டி, ஆறு இறங்கி வந்த திசைக்கு எதிராக ஏறி, அதன் பிறப்பிடத்தில் எங்களை இறக்கிவிடுகிறது. தீர்த்த யாத்திரை செல்பவர்கள் இப்படித்தான் நதிமூலம் தேடிச் சென்றார்கள். எங்களுக்கு அது பயணச்சீட்டு விலையில் கிடைக்கிறது.

வழியில் வலப்புறம் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது கண்டிப்பேட்டை ஏரி, அதாவது உஸ்மான் சாகர். அதன் கரையில் நின்று, தண்ணீர்ப் பரப்பையும் பாறைகளையும் பறவைகளையும் காண்கிறவர் ‘ஆஹா, இயற்கை!’ என்பார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணினேன். உண்மையில் அந்த ஏரி பிறந்த கதை வேறு.

1908 செப்டம்பர் 28 அன்று மூசியில் வெள்ளம் வந்தது. மேற்பகுதியிலிருந்த 200-க்கும் மேற்பட்ட சிறு ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. நகரத்தில் சுமார் 15,000 பேர் மாண்டதாகக் கணக்கிட்டார்கள். இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் உள்ள ஒரு புளியமரத்தில் ஏறிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் தப்பினார்கள் என்பது அந்நகரத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. மறு ஆண்டு நிஜாம் அரசின் அழைப்பை ஏற்று வந்த பொறியாளர் விசுவேசுவரய்யா, நகரத்துக்கு மேலே நீரைத் தடுத்து நிறுத்தும் பெரிய நீர்த்தேக்கங்கள் வேண்டும் என்றார். 1920-இல் மூசியின் குறுக்கே உஸ்மான் சாகரும், 1927-இல் அதன் துணையாறான ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகரும் எழுந்தன. வெள்ளத்தைத் தடுத்த அதே ஏரிகள் ஊருக்குக் குடிநீரும் தந்தன.

மாண்டவர்களை முன்னிட்டு, இருந்தவர்கள் பிறக்கப்போகிறவர்களுக்காகச் செய்து வைத்த ஏற்பாடு அது. நான் அங்கே உட்கார்ந்து மன அமைதி பெறுகிறேன் என்றால், அந்த அமைதிக்கு முன்பே ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். 2025 செப்டம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் இரு ஏரிகளின் மதகுகளும் திறக்கப்பட்டு, மூசி கரைபுரண்டு, நான் வழக்கமாகப் பேருந்து ஏறும் நிலையத்திற்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. பயணிகள் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். 1908 வெள்ளத்தின் நினைவுநாளுக்கு ஒருநாள் முன்பு! நாங்கள் ஆற்றைத் தேடிப் போவது வழக்கம். அன்று ஆறு எங்கள் இடத்துக்கே வந்துவிட்டது.

நானும் ஓர் அச்சாரம் கொடுத்தேன்

இங்கே என் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்வதற்குச் சற்றே கூச்சம்தான்.

பேருந்தில் போகத் தொடங்குவதற்கு முன் பல ஆண்டுகள் நான் காரில்தான் கண்டிப்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த ஏரிமீது எனக்கு அளவற்ற பிரியம். பிரியம் முற்றியபோது எனக்கு என்ன தோன்றிற்று தெரியுமா? அங்கே 300 கஜம் நிலம் வாங்கவேண்டும் என்று தோன்றிற்று! மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஏரி தெரியும் என்றார் தரகர். தெரிந்தவர் மூலமாக அச்சாரமும் கொடுத்துவிட்டேன்.

1996-இல் வெளிவந்த அரசாணை 111, இவ்விரு ஏரிகளைச் சுற்றி 10 கிலோமீட்டர் வரை, மொத்தம் 84 கிராமங்களில், ஆலைகளுக்கும் பெரும் குடியிருப்புகளுக்கும் தடை விதித்திருந்தது. பெய்யும் மழை மண்ணில் ஓடி ஏரியில் சேர வேண்டும் என்பதே காரணம். தடை இருந்தும் பண்ணை வீடுகளும் விருந்து மண்டபங்களும் முளைத்தன. 2022-இல் அரசு வேறோர் ஆணையால் அந்தத் தடையைத் தளர்த்த முற்பட்டது. அதன்மேல் நீண்ட வாதங்கள் எழுந்தன. அந்த வாதங்களில் புகுவது இங்கே என் நோக்கமில்லை. என்னைக் கேட்டால், அந்தத் தடைக்கு முதல் எதிரிகள் பேராசைக்காரர்கள் என்று சொல்வது பாதி உண்மைதான். மறுபாதி, என்னைப் போல ஏரியை மிகவும் நேசித்தவர்கள். நேசித்த பொருளின் அருகிலேயே இருந்துவிட வேண்டும், அதைப் பிறர் மறைக்காமல் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள். ஆளுக்கு 300 கஜமாக ஏரிக்கு வரும் தண்ணீரின் வழியில் உட்கார்ந்துகொண்டு, ஏரியின் அழகை ரசிக்க முற்பட்டவர்கள்.

அந்த நிலம் எனக்கு வாய்க்கவில்லை. என் ஞானத்தால் அல்ல. பத்திரத்தில் ஏதோ கோளாறு. அச்சாரத்தில் பாதிதான் திரும்பி வந்தது. கோபத்தில் ஓராண்டு அந்தப் பக்கமே போகாதிருந்தேன். பிறகு ஒருநாள் கார் பழுதுபட்டிருந்தபோது, மெகிதிப்பட்டணத்திலிருந்து சில்கூர் செல்லும் நகரப் பேருந்தில் ஏறினேன். அதுதான் தொடக்கம்.

சில்கூர் பாலாஜி கோயில் உஸ்மான் சாகரின் கரையோரத்தில் உள்ளது. அங்கே உண்டியல் கிடையாது. வேண்டுதல் வைக்க 11 பிரதட்சிணம், அது நிறைவேறினால் 108 பிரதட்சிணம். காணிக்கையெல்லாம் காலால்தான். வெளிநாட்டு விசா வேண்டி இளைஞர்கள் அட்டையில் எண்ணிக்கை குறித்துக்கொண்டே வலம் வருவதைக் கண்டு நகைப்பவர்கள் உண்டு. நான் நகைக்கமாட்டேன். கோடீசுவரனும் அங்கே அடுத்தவனைப் போல 108 முறைதான் நடந்தாக வேண்டும். அருகிலேயே 1994-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மிருகவனி இருக்கிறது. புள்ளிமான்கள் திரியும் சிறு காடு. அன்று கோயிலிலிருந்து அங்கே நடந்து சென்று, மீண்டும் பேருந்து நிறுத்தத்திற்கு வந்து நின்றபோது, ஒரு விஷயம் உறைத்தது. பேருந்தில் வந்தவனால் அந்த இடத்திலிருந்து அதிகம் எடுக்க முடியாது. வண்டி நிறுத்த அவனுக்கு இடம் வேண்டாம். தூக்கிச் செல்ல முடிந்ததைத்தான் கொண்டுவருவான். கடைசிப் பேருந்துக்கு முன் அவன் போய்விட்டாக வேண்டும். ‘இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே’ என்ற ஆசைக்கு அட்டவணை இடம் கொடுக்காது. என்னால் விட முடியாதிருந்த பற்றை, ஒரு பேருந்தின் நேரம் விட வைத்தது.

1932

உரிமையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சிறு விலகல்.

1932 ஏப்ரல் 24 அன்று இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து ஆலைத் தொழிலாளர்களும் இளைஞர்களுமாகச் சுமார் 400 பேர், கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் நடக்கப் புறப்பட்டார்கள். வாரம் முழுவதும் புகையில் உழைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கப் போனார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த நிலம் பிரபுக்களின் வேட்டைக்காக மூடப்பட்டிருந்தது. தலைமை தாங்கிய பென்னி ராத்மேனுக்கு அப்போது 20 வயது. ரயில் நிலையத்தில் காவலர்கள் காத்திருப்பார்கள் என்று அறிந்து அவர் மிதிவண்டியில் வந்து சேர்ந்தார். நடந்த குற்றத்தையொட்டி ஐந்து இளைஞர்கள் சிறை சென்றார்கள். பின்னர் 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற நடைக்கும் அங்கே சட்டம் வந்தது; அந்த மேட்டுநிலம் இருக்கும் பகுதியே 1951-இல் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று.

அதே 1932-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹைதராபாத்தில் நிஜாம் அரசு ரயில்வேயின் ஒரு பிரிவாக 27 பேருந்துகள் ஓடத் தொடங்கின. இன்றைய சாலைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அதுவே மூலம். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் நான் இவ்விரண்டையும் சேர்த்தே நினைப்பதுண்டு. காடு திறந்திருந்தால் மட்டும் போதாது. ஏழை அதுவரை போய்ச் சேர ஒரு வாகனமும் வேண்டும். ஹைதராபாத்தின் கிழக்கே விஜயவாடா சாலையில் உள்ள மகாவீர் ஹரிண வனஸ்தலி ஒரு காலத்தில் நிஜாமின் வேட்டைக்காடு. மகாவீரரின் 2,500-ஆவது நிர்வாண ஆண்டையொட்டி 1975-இல் அது மான்களுக்குரியதாயிற்று. இன்று அதன் ஓரமாகப் பேருந்துகள் ஓடுகின்றன. வேட்டைக்கு அரசர் சென்ற இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக இறங்குகிறார்கள்.

2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் பெண்கள் சாதாரணப் பேருந்துகளிலும் விரைவுப் பேருந்துகளிலும் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் வந்தது. கிராமங்களுக்குச் செல்லும் வண்டிகளுக்குப் ‘பல்லெ வெலுகு’ என்று பெயர். ஊரின் ஒளி என்று பொருள். அதன்பின் அனந்தகிரிக் கோயிலில் நான் முன்பு கண்டிராத முகங்களைக் கண்டேன். எண்பது கிலோமீட்டருக்குள் வாழ்ந்தும் அந்தக் குன்றை ஒருமுறையும் பார்த்திராத பாட்டிமார்கள், அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். இலவசம் மக்களைக் கெடுக்கும் என்று சொல்லும் நண்பர் எங்கள் மூவரில் ஒருவர். அன்று அவர் வாய் திறக்கவில்லை.

இவ்வளவும் சேர்ந்து, பேருந்தில் செல்லும் என் வழக்கம் ஒரு தர்மம் என்ற எண்ணம் எனக்குள் நன்றாக ஊறிவிட்டது. அதைக் கலைத்தவர் ஓர் அம்மையார்.

சீத்தாப்பழக் கூடை

ஒரு புரட்டாசி ஞாயிறு. சீத்தாப்பழக் காலம். பேருந்து நிலையத்தில் முதலிலேயே ஏறி, வழக்கம்போல் சன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். மெகிதிப்பட்டணத்தில் கூட்டம் நெருக்கியது. மொயினாபாத் தாண்டி ஏறிய ஒரு மூதாட்டி, என் இருக்கையின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். காலடியில் வெறும் கூடைகள் இரண்டு. விடிவதற்குள் நகரத்துப் பக்கம் வந்து பழம் விற்றுவிட்டுத் திரும்புகிறார். பேச்சுக் கொடுத்தேன். எங்கே போகிறீர்கள் என்று அவர் கேட்க, காட்டில் நடக்கப் போகிறேன் என்றேன்.

“என்ன வேலையாக, ஐயா?”

“வேலை ஒன்றுமில்லை அம்மா. நடப்பதற்குத்தான். வீட்டில் கார் இருக்கிறது; ஆனாலும் நான் பேருந்தில்தான் வருவேன்.”

இதைச் சொல்லும்போது என் குரலில் சிறிது பெருமை இருந்திருக்க வேண்டும். அந்த அம்மையார் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமோ ஏளனமோ இல்லை. புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளும் ஆவலோடுதான் கேட்டார்.

“கார் இருக்கிறது, வேலையும் இல்லை. அப்புறம் இந்தச் சீட்டு உங்களுக்கு எதற்கு?”

எழுந்து இடம் கொடுத்தேன். ‘சேவெள்ளாவில் இறங்கிவிடுவேன், இருக்கட்டும்’ என்று மறுத்தவர், நான் வற்புறுத்தியதும் உட்கார்ந்து, அடுத்த நிமிடமே உறங்கிவிட்டார். அன்று அனந்தகிரியில் என் கண்ணில் காடு படவேயில்லை.

ஏகாதசியன்று உபவாசம் இருப்பவன் வயிறும் காலி. பட்டினி கிடப்பவன் வயிறும் காலி. துவாதசி வரும் என்பது முதலாமவனுக்குத் தெரியும். அந்தத் தெரிதல்தான் அவ்விருவருக்கும் உள்ள தூரம் முழுவதும். நான் பேருந்தில் மேற்கொண்ட எளிமை உபவாசத்தைச் சேர்ந்தது. அதில் தவறில்லை. ஆனால் பட்டினி கிடப்பவனின் பந்தியில் போய் உட்கார்ந்து, அவன் இலையை நான் பிடித்துக்கொண்டு, ‘பார், நானும் உன்னைப்போல எளியவன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் மருமகன் சொன்னதுபோல் காரிலேயே போய்விடுவதுதான் நியாயமா? அவர்களுக்காவது ஓர் இருக்கை மிஞ்சுமே!

சில மாதங்கள் அப்படியும் எண்ணினேன். பிறகு காந்தியடிகளை நினைத்தேன். 1915-இல் தாயகம் திரும்பிய பின் அவர் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்தது எல்லோரும் அறிந்தது. 1917-இல் அந்த அனுபவத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் படித்தவர் குறைவு. எளிமையின் பெருமை பாடும் கட்டுரை அல்ல அது. நெரிசல், அழுக்கு, கழிப்பறையின் நிலை, சீட்டு வாங்கப் படும் பாடு என்று வரிக்கு வரி புகார். வசதி படைத்தவர்கள் அந்தப் பெட்டிகளில் ஏறினாலொழிய அவை திருந்தா என்பது அவர் எண்ணம். பேருந்தும் அப்படியே. காருக்கு வழியுள்ள அனைவரும் இறங்கிவிட்டால், அது கேட்பாரற்றவர்களின் வாகனமாகிவிடும். கேட்பாரற்ற வாகனம் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும்.

ஆனால் காந்தியடிகள் சொன்னதில் இரண்டு பாதிகள் இருந்தன. அவர்களோடு பயணம் செய்வது ஒன்று. அவர்களுக்காக வாய் திறப்பது மற்றொன்று. நான் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டேன். அதன் விலை எனக்குத் தெரிந்த நாள் 2025 நவம்பர் 3.

ஆலமரச் சாலை

மொயினாபாத்திலிருந்து சேவெள்ளா வழியாகச் செல்லும் அந்தச் சாலையின் இருபுறமும் சுமார் 900 ஆலமரங்கள். நிஜாம் காலத்தில் வழிப்போக்கருக்கு நிழல் தருவதற்காக வைக்கப்பட்டவை. விழுதுகள் தொங்க, கிளைகள் மேலே கைகோத்துக்கொள்ள, அதன் கீழே பேருந்து செல்வது ஒரு மண்டபத்தினுள் செல்வதுபோல் இருக்கும். என்னைப் பொறுத்தவரை நடை அங்கேயே தொடங்கிவிடும். சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தும் திட்டம் வந்தபோது, மரங்களைக் காக்க வேண்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. நாங்கள் மூவரும்கூட மரங்களை ஆதரித்து அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினோம்.

அந்த நவம்பர் 3, திங்கட்கிழமை அதிகாலை. தாண்டூரிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்துகொண்டிருந்த அரசுப் பேருந்தின்மீது, சேவெள்ளா அருகே மிர்ஜாகூடாவில், சரளைக்கல் ஏற்றிய டிப்பர் லாரி மோதியது. கல் முழுவதும் பயணிகள்மேல் சரிந்தது. 19 பேர் மாண்டனர். ஞாயிறு விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு நகரத்துக்குத் திரும்பிய மாணவர்களும் வேலைக்குச் செல்பவர்களும் அதில் இருந்தார்கள். பெண்கள் பலர்.

நாங்கள் மாலையில் திரும்பும் அதே சாலை.

மக்கள் கொதித்தார்கள். மரங்களுக்காக வழக்குப் போட்டவர்களால்தான் சாலை குறுகலாகவே கிடந்தது என்று பேசினார்கள். விபத்துக்குச் சற்று முன்புதான் அகலப்படுத்தும் பணிக்கு வழி திறந்திருந்தது என்ற செய்தி அந்தக் கோபத்தை இன்னும் மூட்டியது. ‘மரமா, மனிதனா?’ என்று என் தெருவிலேயே ஒருவர் என்னைக் கேட்டார். பதில் சொல்ல இயலவில்லை.

மரம் நகர்ந்து வந்து பேருந்தில் மோதவில்லை. பாரம் ஏற்றிய லாரி இருந்தது, நடுவில் தடுப்பில்லாத சாலை இருந்தது. மரங்களை நடுவே விட்டு இருபுறமும் வழி அமைக்கலாம் என்ற யோசனையும் முன்வைக்கப்பட்டிருந்தது. இவையெல்லாம் உண்மை. ஆனால் நான் இந்த வாதங்களை அடுக்கும்போதே எனக்குள் ஒரு குரல் கேட்டது: நீ வாரம் ஒருமுறைகூட இந்த வழியாகப் போகிறவன் இல்லை, அவர்கள் அன்றாடம் போகிறவர்கள். உனக்கு இது நிழல் மண்டபம். அவர்களுக்கு இது பிழைப்பு.

அன்றிரவு நாங்கள் எழுதிய கடிதத்தின் நகலைத் தேடி எடுத்துப் படித்தேன். இரண்டு பக்கங்கள். மரங்களின் வயது, பறவைகள், நிழல், நிஜாம் காலத்துப் பெருமை, எல்லாம் இருந்தன. பேருந்தில் வருகிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. சாலைக்கு நடுவே தடுப்பு வேண்டும், பார லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டும், மரமும் தப்பி மனிதரும் தப்பும்படி விரைவில் முடிவெடுங்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. ஆண்டுக்கணக்காக அவர்களோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தோம். சன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு போயிருக்கிறோம்.

1908-இல் ஒரு புளியமரம் 150 பேரைச் சுமந்தது. அதை நகரம் மறக்கவில்லை. ஆலமரங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லாமல், பழி மட்டும் வந்து சேர்ந்ததில் என் பங்கும் உண்டு என்றே நினைக்கிறேன். மரத்தை நேசிக்கிறவன் மரத்தடியில் செல்லும் மனிதரை மறந்தால், மனிதர் மரத்தை வெறுக்கத் தொடங்குவார்கள். அது அவர்கள் குற்றமன்று. இதைக் கண்டுகொண்டதால் எனக்கு விடை கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்தச் சாலையில் எந்த மரம் நிற்க வேண்டும், எது பெயர்த்து நடப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் அறிவு என்னிடம் இல்லை. இன்னொரு கடிதம் எழுதினோம். இம்முறை ஒரே பக்கம்தான். மரம், தடுப்பு, லாரி, மூன்றையும் பற்றி.

வழக்கத்தில் ஒரு சிறு மாற்றமும் செய்துகொண்டோம். ஞாயிறு போவதில்லை. வேலைக்குச் செல்பவர்களின் நெரிசல் அடங்கியபின், வார நாள் ஒன்றில் பத்து மணி வண்டிக்குப் போகிறோம். இருக்கை காலியாக இருந்தால் உட்காருவோம். யாராவது நின்றால் எழுவோம். அறுபதைக் கடந்தவர்களாயிற்றே என்று இளைஞர்கள் சிலர் எங்களுக்கே இடம் தருகிறார்கள். அதையும் மறுக்க முடிவதில்லை.

சென்ற முறை மருமகனும் உடன் வந்தான். ‘ஒருமுறை பார்க்கிறேன், மாமா’ என்றான். அனந்தகிரிக் கோயில் குளத்திலிருந்து கீழே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் என்னை முந்திக்கொண்டு நடந்தான். மயில் ஒன்று அகவியபோது கைப்பேசியை எடுத்தவன், ஏனோ திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டான். நான்கு மணிக்குச் சாலைக்கு வந்து சேர்ந்தோம். குன்றின்மேல் காசநோயாளிகளுக்காக நிஜாம் காலத்தில் ஏற்பட்ட மருத்துவமனை ஒன்று உண்டு. காட்டுக் காற்றே மருந்து என்று நம்பிய காலம் அது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி, மெலிந்த கணவரைத் தாங்கிக்கொண்டு வந்து எங்கள் அருகில் நின்றார். அவர்களும் அதே பேருந்துக்குத்தான் காத்திருந்தார்கள்.

வந்த வண்டியில் ஓர் இடம்தான் இருந்தது. அவர் உட்கார்ந்தார். நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டோம். “உள்ளே போங்கள், உள்ளே போங்கள்” என்றார் நடத்துநர். சேவெள்ளா வருவதற்குள் இருட்டிவிட்டது. விளக்கொளியில் ஆலமரங்கள் ஒவ்வொன்றாக வந்து விலகின. மிர்ஜாகூடாவைத் தாண்டும்போது வண்டிக்குள் சிலர் பேச்சை நிறுத்திக் கைகூப்பினார்கள்.

மொயினாபாத்தில் மருமகன் மெல்லக் கேட்டான்.

“மாமா, கால் வலிக்கிறதா?”

“வலிக்கிறது” என்றேன்.